குறும்படம் எடுத்தாயிற்று, அடுத்து? எடிட்டிங் முதல் டிஐ வரை படிப்படியாக

ஷூட்டிங் முடிந்த மறுநாள்தான் பல குறும்பட இயக்குநர்களுக்குத் திக்கென்று இருக்கும். கையில் ஹார்டு டிஸ்க் இருக்கிறது. அதை யாரிடம் எந்த வடிவத்தில் கொடுப்பது, எந்த வேலை முடிந்தபின் எந்த வேலை, பணத்தை எப்போது கொடுப்பது என்று எடுத்துச் சொல்ல ஆள் இருக்காது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. எடிட் அறையில் ஒன்று சொல்வார்கள், டிஐ (படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் திருத்தும் வேலை) செய்யும் இடத்தில் அதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள், சவுண்டு பார்ப்பவர் இரண்டுமே தப்பு என்பார். அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். அடுத்து வருபவர்களுக்கு இந்த அலைச்சல் வேண்டாம்.

10 முதல் 20 நிமிடம் ஓடும் படம், மிரர்லெஸ் கேமராவிலோ ஐபோனிலோ எடுத்தது, பிரீமியரிலோ டாவின்சி ரிசால்விலோ வெட்டி, ரிசால்வில் டிஐ செய்யப்போவது என்று வைத்துக்கொள்கிறேன். போஸ்ட் புரொடக்‌ஷனில் பணம் கரைவது பெரும்பாலும் வேலைகளின் வரிசை மாறுவதால்தான். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. கார்டை ஃபார்மேட் செய்யும் முன்

ரஷ் (ஷூட்டிங்கில் எடுத்த மூலக் காட்சிகள்) எப்போதும் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் இருக்க வேண்டும். அந்த இரண்டும் ஒரே பையில், ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. ஒன்று எடிட்டரிடம், இன்னொன்று தயாரிப்பாளர் வீட்டில். காப்பி செய்யும்போது வீடியோ ஃபைல்களை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். கார்டில் இருக்கும் மொத்த ஃபோல்டரையும் அப்படியே எடுங்கள். சில கேமராக்களின் டைம்கோடும் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் உள்ள நேர எண்) மற்ற விவரங்களும் பக்கத்தில் இருக்கும் குட்டி ஃபைல்களில்தான் இருக்கும். அவை இல்லாமல் பிறகு கன்ஃபர்ம் செய்யும்போது, அதாவது வெட்டிய டைம்லைனை ஒரிஜினல் ஃபைல்களோடு மறுபடி பொருத்தும்போது, திண்டாட வேண்டிவரும்.

டிஸ்க் எவ்வளவு பெரியது வாங்குவது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 15 நிமிடப் படத்துக்கு மூன்று மணி நேரம் ரஷ் இருந்தால் 135 ஜிபி. அதையே 4கே ப்ரோரெஸ் 422 ஹெச்க்யூ என்ற, எடிட்டுக்கு இலகுவான ஆனால் பெரிய ஃபைல் வடிவுக்கு மாற்றினால் மணிக்கு ஏறக்குறைய 318 ஜிபி, அதாவது மொத்தம் 950 ஜிபியைத் தாண்டும். "எல்லாவற்றையும் ப்ரோரெஸ் ஆக்கிவிடலாம்" என்று யாராவது சொன்னால் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

டிஸ்க்கோடு சேர்த்து மூன்று தாள்களை வாங்கிக்கொள்ளுங்கள்: உதவி இயக்குநர் எழுதிய கன்டினியூட்டி ஷீட், கேமரா ரிப்போர்ட், சவுண்டு ரிப்போர்ட். கேமரா ரிப்போர்ட்டில் எந்த லாக் (log, பிறகு நிறம் திருத்த வசதியாகக் கேமரா மங்கலாகப் பதியும் முறை), எந்த ஐஎஸ்ஓ, எந்த ஒயிட் பேலன்ஸ் என்று இருக்க வேண்டும். ஷூட்டிங் முடிந்து யூனிட் கலைந்துவிட்டால் இந்தத் தகவலை வாங்க முடியாது. கேமராமேன் அடுத்த படத்துக்குப் போயிருப்பார், போனை எடுக்க மாட்டார்.

2. ஃப்ரேம் ரேட்டை முடிவு செய்யுங்கள்

ரிசால்வைத் திறந்ததும் முதல் ஃபைலை உள்ளே இழுப்பதற்கு முன்னால் ப்ராஜெக்ட் செட்டிங்கில் டைம்லைன் ஃப்ரேம் ரேட்டைப் பாருங்கள். மீடியா உள்ளே வந்துவிட்டால் அந்த எண் பூட்டிக்கொள்ளும். தியேட்டரில் திரையிடும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் 24 வைத்துக்கொள்ளுங்கள், டிசிபி (தியேட்டரில் ஓட்டுவதற்கான ஃபைல் தொகுப்பு) எடுக்கும்போது சிக்கல் குறைவு. கேமராவில் 23.976 என்று எடுத்திருந்தால் ப்ராஜெக்டும் 23.976 ஆகவே இருக்கட்டும், கடைசியில் 24க்கு மாற்றிக்கொள்ளலாம். இரண்டையும் கலக்காதீர்கள்.

போனில் எடுத்தவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். போனின் சாதாரண கேமரா ஆப் பெரும்பாலும் நிலையான ஃப்ரேம் ரேட்டில் பதிவு செய்வதில்லை, வெளிச்சத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். முதல் ஒரு நிமிடம் உதட்டசைவு சரியாக இருக்கும், ஐந்தாம் நிமிடத்தில் நழுவியிருக்கும். ஹேண்ட்பிரேக் அல்லது ஷட்டர் என்கோடர் போன்ற இலவச மென்பொருளில் நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு எடிட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

இனிமேல்தான் ஷூட்டிங் போகப்போகிறீர்கள் என்றால் இன்னொன்று. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட், மலிவான எல்ஈடி பல்பு இருக்கும் இடத்தில் 24 ஃப்ரேமில் எடுத்தாலும் ஷட்டரை 1/50ல் வையுங்கள். ஷாட்டில் பதிந்துபோன ஃப்ளிக்கரை (விளக்கின் துடிப்பை) டிஐயில் எடுப்பது பெரும்பாடு, செலவும் அதிகம்.

3. ப்ராக்ஸி போடுங்கள்

ஒரிஜினலுக்குப் பதில் எடிட்டில் வைக்கும் சின்ன நகல்தான் ப்ராக்ஸி. லேப்டாப் திக்கித் திணறிக்கொண்டிருந்தால் எடிட்டரின் கவனம் கதையில் இருக்காது. 1080 அளவில் ப்ரோரெஸ் ப்ராக்ஸியாக மாற்றினால் மணிக்குச் சுமார் 16 ஜிபிதான் ஆகும். விண்டோஸ்காரர்கள் டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் எல்பி பயன்படுத்தலாம். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் தயார். ஃபைல் பெயரை மட்டும் மாற்றாதீர்கள். ப்ராக்ஸியையும் ஒரிஜினலையும் பிறகு இணைப்பது அந்தப் பெயரும் டைம்கோடும்தான்.

ரிசால்வின் இலவசப் பதிப்பு குறும்படத்துக்குத் தாராளமாகப் போதும். 3840க்கு 2160 அளவில், நொடிக்கு 60 ஃப்ரேம் வரை வெளியே எடுக்கலாம். நாய்ஸ் ரிடக்‌ஷன் போன்ற சிலவற்றுக்கு ஸ்டுடியோ பதிப்பு வேண்டும். அது 295 டாலர், ஒருமுறை கொடுத்தால் போதும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஸ்டுடியோவுக்கு மட்டுமான எஃபெக்டை இலவசப் பதிப்பிலும் போட்டுப் பார்க்க முடியும், ஆனால் படத்தின் மேல் வாட்டர்மார்க் விழும். வேலையெல்லாம் முடித்து எக்ஸ்போர்ட் செய்யும் ராத்திரியில் இது தெரியவந்தால் கொடுமை. அதேபோல சில கேமராக்களின் 10 பிட் ஃபைல்கள் விண்டோஸில் இலவசப் பதிப்பில் திறக்காமல் போகலாம். ஷூட்டிங்குக்கு முன்பே அந்தக் கேமராவில் எடுத்த ஒரு கிளிப்பைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

4. வெட்டு

எப்படி வெட்டுவது என்று இங்கே பாடம் எடுக்கப்போவதில்லை. காலக்கெடுவை மட்டும் சொல்கிறேன். 15 நிமிடப் படத்துக்கு ஒலியையும் காட்சியையும் சிங்க் செய்து அசெம்பிளி (ஷாட்டுகளைக் கதை வரிசையில் அடுக்கிய முதல் வடிவம்) போட ஒரு வாரம், அதிலிருந்து பிக்சர் லாக் (lock, இனி வெட்டு மாறாது என்று முடிவு செய்வது) வரை மூன்று அல்லது நான்கு வாரம், சவுண்டும் டிஐயும் பக்கத்துப் பக்கத்தில் ஓட மூன்று வாரம், வெளியீட்டு ஃபைல்களுக்கும் சரிபார்ப்புக்கும் ஒரு வாரம். ஆக இரண்டு மாதம். திரைப்பட விழாவின் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, இந்த இரண்டு மாதம் உங்களுக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நடுவில் ஒரு வாரம் படத்தைத் தொடாமல் விடுங்கள். அந்த இடைவெளியை வீண் என்று நினைக்காதீர்கள், அதற்குப் பிறகு பார்க்கும்போதுதான் எந்த ஷாட் தேவையில்லை என்று கண்ணுக்குத் தெரியும். ஸ்கிரிப்டைப் படிக்காத ஒருவரை உட்காரவைத்துப் படத்தைக் காட்டுங்கள். அவர் திரையைப் பார்க்கட்டும், நீங்கள் அவர் முகத்தைப் பாருங்கள். எங்கே போனை எடுக்கிறார் என்பதைக் குறித்துக்கொண்டால் போதும்.

தற்காலிக இசையாகப் பிரபலமான சினிமாப் பாட்டைப் போடாதீர்கள். அதன் தாளத்துக்கு வெட்டு பழகிவிடும். உரிமை வாங்கப் போனால் குறும்பட பட்ஜெட்டே அதற்குத்தான் சரியாக இருக்கும். உரிமை இல்லாமல் யூடியூபில் ஏற்றினால் அதன் காப்புரிமைச் சோதனையான கன்டென்ட் ஐடி பிடித்துக்கொள்ளும்.

5. லாக் என்றால் லாக்

பிக்சர் லாக் ஆனபிறகு ஒரு ஃப்ரேம்கூட நகரக் கூடாது. லாக்குக்குப் பிறகு மூன்றாவது நிமிடத்தில் அரை நொடி வெட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள்: டப்பிங், எஃபெக்ட்ஸ், ஆர்ஆர் (பின்னணி இசை) எல்லாம் அங்கிருந்து அரை நொடி தள்ளிப்போகும். சப்டைட்டில் முழுக்க நகரும். டிஐக்காரர் மறுபடி கன்ஃபர்ம் செய்ய வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியாகக் காசு கேட்பார்கள், கேட்பது நியாயமும்கூட.

அதனால் லாக்கை வாய்வார்த்தையாக விடாதீர்கள். இயக்குநர், தயாரிப்பாளர், எடிட்டர் மூவரும் "இந்தத் தேதியிட்ட இந்த ஃபைல், இத்தனை நிமிடம் இத்தனை நொடி இத்தனை ஃப்ரேம், இதுதான் இறுதி" என்று ஒரு மெயிலில் ஒப்புக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைக் காட்டுவது சம்மதமாகாது.

லாக்குக்கு முன்பே டைட்டில் எழுத்துகளைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். தமிழ் எழுத்து பல எடிட்டிங் மென்பொருள்களில் உடையும். "கொ" என்று அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி பக்கத்து எழுத்தின்மேல் ஏறிக்கொள்ளும். பிரீமியரில் ப்ரிஃபரன்சஸ், கிராஃபிக்ஸ் பகுதியில் "சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்" என்ற எழுத்தமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். மற்ற மென்பொருளில் உடைந்தால் போராடிக்கொண்டிருக்காமல், இங்க்ஸ்கேப்பிலோ ஃபோட்டோஷாப்பிலோ பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் செய்து டைம்லைனில் வையுங்கள். பெயர்களைத் தமிழ் நன்றாகத் தெரிந்த இரண்டு பேர் படித்துப் பார்க்கட்டும். பெரிய திரையில் ஒற்றுப்பிழை உறுத்தும்.

6. சவுண்டுக்கும் டிஐக்கும் ஒப்படைப்பது

புதியவர்கள் அதிகம் அடிபடும் இடம் இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சவுண்டுக்குக் கொடுக்க வேண்டியவை: ஏஏஎஃப் ஃபைல் (ஒலி வெட்டுகளைச் சவுண்டு மென்பொருளுக்குக் கொண்டுபோவது), ஒவ்வொரு கிளிப்புக்கும் முன்னும் பின்னும் இரண்டு நொடியாவது கூடுதல் ஒலி, டைம்கோடு திரையில் தெரியும்படி எடுத்த ரெஃபரன்ஸ் வீடியோ. படத்தின் முதல் ஃப்ரேமுக்குச் சரியாக இரண்டு நொடி முன்னால் ஒரு ஃப்ரேம் அளவுக்கு "பீப்" ஒலி வையுங்கள். திரும்பி வரும் ஃபைனல் மிக்ஸை அந்தப் பீப்பை வைத்துத்தான் படத்தோடு பொருத்துவீர்கள். அது இல்லாமல் வரும் மிக்ஸை வாங்காதீர்கள்.

பிரீமியரில் வெட்டி ரிசால்வுக்குக் கொண்டுபோனால் டிஐக்கு எக்ஸ்எம்எல் ஃபைல் (எந்த ஷாட் எங்கே வெட்டியது என்ற பட்டியல்) கொடுக்க வேண்டும். அதற்கு முன் லாக் செய்த டைம்லைனுக்கு ஒரு நகல் எடுத்து, அந்த நகலைச் சுத்தம் செய்யுங்கள். எல்லா ஷாட்டையும் முடிந்தவரை ஒரே வீடியோ ட்ராக்குக்கு இறக்குங்கள். மறைத்துவைத்த, கண்ணுக்குத் தெரியாத ஷாட்டுகளை நீக்குங்கள். ஒரே கிளிப்பாகச் சேர்த்து நெஸ்ட் செய்தவற்றைப் பிரியுங்கள். பல கேமராக் கோணங்களைச் சேர்த்த மல்ட்டிகேமை, தேர்ந்தெடுத்த ஷாட் மட்டும் நிற்கும்படி ஃப்ளாட்டன் செய்யுங்கள். எடிட்டர் பார்வைக்காகப் போட்ட லட் (படத்தின் நிறத்தை ஒரே அடியாக மாற்றும் ஃபைல்), கலர் எஃபெக்ட் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ப்ராக்ஸியிலிருந்து ஒரிஜினலுக்கு மாற்றுங்கள்.

இத்தனைக்கும் பிறகு இரண்டு விஷயங்கள் சரியாகப் போய்ச் சேராது. ஒன்று, வேகத்தைக் கூட்டிக் குறைத்த ஷாட்டுகள். இன்னொன்று, பெரிதாக்கி நகர்த்திய ஷாட்டுகள். அதனால் டிஐக்குப் போகும் டிஸ்க்கில் லாக் செய்த வீடியோவும் கட்டாயம் இருக்க வேண்டும். டைம்லைனில் அதை மேலே வைத்து, கீழே கன்ஃபர்ம் ஆன ஷாட்டுகளோடு ஒவ்வொரு வெட்டிலும் ஒப்பிடுங்கள். 15 நிமிடப் படத்துக்கு ஒரு பிற்பகல் பிடிக்கும். இதைக் கலரிஸ்ட் தலையில் கட்டாதீர்கள், எடிட்டர் பக்கத்தில் உட்கார்ந்து செய்யட்டும். கலரிஸ்டுக்கு எது சரியான ஃப்ரேம் என்று தெரியாது.

7. எந்தத் திரையில் பார்க்கிறீர்கள்

வீட்டிலேயே டிஐ செய்யப்போகிறீர்கள் என்றால், கிரேடை, அதாவது நிறத் திருத்தத்தை, தொடுவதற்கு முன் திரையைச் சரிசெய்யுங்கள். நைட் லைட், நைட் ஷிஃப்ட், ட்ரூ டோன், தானாக வெளிச்சம் மாறும் வசதி எல்லாவற்றையும் அணையுங்கள். டிவியை மானிட்டராகப் பயன்படுத்தினால் "விவிட்" வேண்டாம், "சினிமா" அல்லது "ஃபிலிம்மேக்கர்" மோடில் வையுங்கள். ஜன்னலை மூடுங்கள். மானிட்டருக்குப் பின்னால் சுவரில் மங்கலான வெள்ளை வெளிச்சம் இருக்கட்டும். மஞ்சள் பல்பும், பின்னால் நீலச் சுவரும் இருந்தால் கண் ஏமாந்துபோகும்.

காலிபரேஷன் கருவி ஒன்றை நண்பர்களிடமோ வாடகைக்கோ வாங்கி, ரெக் 709, 6500 கெல்வின், காமா 2.4, வெளிச்சம் 100 நிட்ஸ் என்று அளந்து வையுங்கள். அது முடியாவிட்டால் கண்ணைவிட ஸ்கோப்பை (நிறத்தையும் வெளிச்சத்தையும் அளந்து காட்டும் வரைபடம்) நம்புங்கள். வேவ்ஃபார்ம், பரேட், வெக்டர்ஸ்கோப் மூன்றும் இலவசப் பதிப்பிலேயே இருக்கின்றன, அவை எந்த மானிட்டரிலும் ஒன்றையேதான் காட்டும்.

8. லாக் காட்சியைச் சாதாரண நிலைக்குக் கொண்டுவருவது

இது பிக்சர் லாக் அல்ல, கேமராவின் லாக் (log). அதில் எடுத்தது சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். அதன்மேல் இணையத்தில் வாங்கிய "சினிமேட்டிக் லட்" ஒன்றைத் தூக்கிப் போடுவதுதான் பலரும் முதலில் செய்வது. அந்த லட் எந்தக் கேமராவின் எந்த லாக்குக்காகச் செய்தது என்று தெரியாமல் போட்டால் முகம் ஆரஞ்சாகும், நிழல் பச்சையாகும், பிறகு அதைத் திருத்தவே நாள் போகும்.

சரியான வழி கலர் ஸ்பேஸ் ட்ரான்ஸ்ஃபார்ம். முதல் நோடில் (ரிசால்வில் திருத்தங்களை ஒவ்வொன்றாக அடுக்கும் கட்டம்) கேமராவின் வண்ணத்தைச் சொல்லுங்கள். சோனி என்றால் எஸ்-கேமட் 3 சினி, எஸ்-லாக் 3. ஐபோன் 15 ப்ரோவில் ஆப்பிள் லாக்கில் எடுத்திருந்தால் ரெக் 2020, ஆப்பிள் லாக். அதை டாவின்சி வைட் கேமட், டாவின்சி இன்டர்மீடியட்டுக்கு மாற்றுங்கள். கடைசி நோடில் அங்கிருந்து ரெக் 709, காமா 2.4க்கு மாற்றுங்கள். உங்கள் வேலையெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் நடக்க வேண்டும். இரண்டு வகைக் கேமராவில் எடுத்திருந்தாலும் நடுவில் எல்லாம் ஒரே வண்ண வெளிக்கு வந்துவிடும், அதனால் மேட்ச் செய்வது பாதியாகக் குறையும்.

8 பிட்டில் லாக் எடுத்திருந்தால் அடக்கி வாசியுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான் இருக்கும், 10 பிட்டில் 1024. 8 பிட் லாக்கை இழுத்தால் மாலை வானம் பட்டை பட்டையாகப் பிளக்கும். இனி எடுக்கப்போகிறவர்கள் கேமராவில் 10 பிட் இல்லையென்றால் லாக்கையே தவிர்த்துவிடலாம் என்பது என் கருத்து.

ஏதாவது ஒரு கிளிப்பில் மட்டும் கருப்பு வெளிறியோ நசுங்கியோ தெரிந்தால் லிஃப்டை (இருட்டுப் பகுதியை ஏற்றி இறக்கும் கருவி) தொடுவதற்கு முன் கிளிப் ஆட்ரிபியூட்ஸில் டேட்டா லெவல் "வீடியோ"வா "ஃபுல்"லா என்று பாருங்கள். பல நேரம் அதை மாற்றினாலே சரியாகிவிடும்.

9. கிரேடிங்: முதலில் சமன், பிறகு பொருத்தம், கடைசியில் லுக்

லுக் பிடிப்பதில்தான் எல்லோருக்கும் ஆசை. அதைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் ஒவ்வொரு காட்சியிலும் அகலமான மாஸ்டர் ஷாட் ஒன்றை எடுத்து வெளிச்சத்தையும் வெள்ளையையும் சமன் செய்யுங்கள். அதை கேலரியில் ஸ்டில்லாகப் பிடியுங்கள். அடுத்த ஷாட்டில் அந்த ஸ்டில்லைப் பாதித் திரையில் தெரியும்படி வைப் (wipe) செய்து, பரேடில் மூன்று நிறங்களின் அடியும் தலையும் ஒரே மட்டத்துக்கு வருகிறதா என்று பாருங்கள்.

ஒரு உதாரணம். கிராமத்து வீட்டுத் திண்ணையில் ஒரு உரையாடல். காலை பதினொரு மணிக்குத் தொடங்கி மாலை நான்கு வரை எடுத்திருக்கிறீர்கள். தாத்தாவின் ஷாட் உச்சி வெயிலில், பேரனின் ஷாட் சாய்ந்த வெயிலில், அவன் பின்னால் வீட்டுக்குள் ட்யூப்லைட் எரிகிறது. இதில் ஒயிட் பேலன்ஸ் பிக்கரை எடுத்துத் தாத்தாவின் வேட்டியில் வைக்கத்தான் கை போகும். வைக்காதீர்கள். சொட்டு நீலம் போட்டு வெளுத்த வேட்டியில் நீலம் கலந்திருக்கும். மென்பொருள் அந்த நீலத்தைக் கழிக்கப் போய் தாத்தாவின் முகத்தையும் சுவரையும் மஞ்சளாக்கிவிடும். அதற்குப் பதில் சிமென்ட் தரையிலோ, கிளாப் போர்டோடு சாம்பல் அட்டை பிடித்திருந்தால் அதிலோ வையுங்கள். வேட்டியில் பார்க்க வேண்டியது வேறு: வேவ்ஃபார்மில் அதன் மடிப்புகள் உச்சியில் தட்டையாக ஒட்டிக்கொள்ளாமல் கொஞ்சம் கீழே பிரிந்து தெரிகிறதா என்பது.

பிறகு பேரனின் ஷாட். வெயில் மஞ்சளாக இருக்கிறது என்றால் டெம்பரேச்சரைக் கொஞ்சம் குளிர்ச்சிக்கு நகர்த்தி தாத்தாவின் ஷாட்டோடு பொருத்துங்கள். பின்னால் தெரியும் ட்யூப்லைட்டின் பச்சையை மொத்தப் படத்தில் டிண்டை மாற்றிச் சரிசெய்யப் போனால் அவன் முகத்தில் ரோஜா நிறம் ஏறும். கதவு இருக்கும் இடத்துக்கு மட்டும் ஒரு பவர் விண்டோ (திருத்தத்தை ஓரிடத்தில் மட்டும் நிறுத்தும் வடிவம்) வரைந்து, ட்ராக் செய்து, அதற்குள் மட்டும் மெஜந்தா பக்கம் நகர்த்துங்கள். இந்த இரண்டு ஷாட்டும் மாறி மாறி வரும்போது நேரம் மாறியது தெரியாவிட்டால் வேலை முடிந்தது.

இப்போது முகம். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வெக்டர்ஸ்கோப்பில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே தோல் நிறத்துக்கென்று ஒரு கோடு இருக்கும். வெளுத்த முகமோ கறுத்த முகமோ, அந்தக் கோட்டின் அருகில்தான் விழும். வேறுபடுவது வெளிச்ச அளவுதான். வெளிநாட்டுப் பாடங்களில் முகம் வேவ்ஃபார்மில் 60 முதல் 70 வரை இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். அது வெளிர் தோலுக்கான அளவு. நம் முகங்களை அங்கே தூக்கினால் சாம்பல் பூசியது போல ஆகும், பின்னால் இருக்கும் வானம் வெந்துவிடும். கறுத்த முகம் 35 முதல் 50க்குள் இருந்தாலே திரையில் அழகாக நிற்கும். நெற்றியிலும் கன்னமேட்டிலும் விழும் பளபளப்புதான் அந்த முகத்துக்கு வடிவம் தருவது. மிட்டோனைத் தூக்காமல், கர்வில் மேல்பகுதியை மட்டும் லேசாக ஏற்றி அந்தப் பளபளப்பைக் காப்பாற்றுங்கள்.

"ஹீரோயினைக் கொஞ்சம் வெளுப்பாக்குங்க" என்று யாராவது கேட்பார்கள். செய்யாதீர்கள். கேமராவுக்கு முன்னால் நின்ற மனிதரின் நிறத்தை மாற்றும் உரிமை டிஐ அறைக்குக் கிடையாது. தொழில்நுட்பமாகப் பார்த்தாலும் அது கெடுதல்தான்: முகத்தை மட்டும் தூக்கிய ஷாட்டில் கழுத்தும் கையும் வேறு நிறத்தில் நிற்கும், அசைந்தால் விண்டோவின் ஓரம் தெரியும்.

எல்லா ஷாட்டும் பொருந்தியபின் லுக்குக்கு வாருங்கள். அதைக் காட்சிக்கு ஒரு குரூப்பாகவோ டைம்லைன் நோடிலோ போட்டால் பிறகு ஒரே இடத்தில் கூட்டிக் குறைக்கலாம். வயல்வெளியின் பச்சையை மட்டும் கவனியுங்கள். கேமராக்கள் நெற்பயிரைப் பிளாஸ்டிக் போலக் காட்டும். ஹியூ வெர்சஸ் சாச்சுரேஷனில் அந்தப் பச்சையை இறக்கி, ஹியூவைக் கொஞ்சம் மஞ்சள் பக்கம் தள்ளினால் இயல்பாகும்.

ஒரே மூச்சில் நாலைந்து மணி நேரம் கிரேட் செய்யாதீர்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து வெளியே போய் வாருங்கள். கண் எந்த நிறத்துக்கும் பழகிவிடும். ராத்திரி செய்ததைக் காலையில் பார்க்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

10. கலரிஸ்டிடம் போவதாக இருந்தால்

கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும். சிலர் நாளுக்கு, சிலர் மணிக்கு, சிலர் மொத்தப் படத்துக்கு என்று பேசுவார்கள். எந்த வகையில் பேசினாலும் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: கன்ஃபர்ம் செய்வது கட்டணத்தில் அடக்கமா, எத்தனை முறை கரெக்‌ஷன், இயக்குநர் உடன் உட்காரும் நேரம் எவ்வளவு, எந்தெந்த ஃபைல்கள் கொடுப்பார்கள், டிசிபி தனிக் காசா, ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா, ப்ராஜெக்ட் ஃபைல் கடைசியில் யாரிடம் இருக்கும். கடைசிக் கேள்வியைக் கேட்க மறந்தால், ஆறு மாதம் கழித்து ஒரு டைட்டிலை மாற்ற வேண்டும் என்றாலும் அவர்களைத்தான் தேடிப் போக வேண்டும்.

முன்பணம் பாதி, ஃபைல்களைச் சரிபார்த்தபின் மீதி என்பது இரு பக்கமும் நியாயமான ஏற்பாடு. முடிந்தால் ஒரு பகல் காட்சி, ஒரு இரவுக் காட்சி என்று இரண்டு நிமிடத்துக்கு முதலில் சோதனை கிரேட் செய்து பார்க்கச் சொல்லி அதற்குத் தனியாகக் காசு கொடுங்கள். இலவசமாகக் கேட்காதீர்கள். "ஒரு ஹாலிவுட் லுக்" என்று சொல்வதைவிட, உங்கள் காட்சிக்குப் பொருந்தும் நாலைந்து ஸ்டில்களைக் கொண்டுபோய் "இந்த நிழல் இவ்வளவு இருட்டு, இந்த மஞ்சள் இவ்வளவு போதும்" என்று காட்டுங்கள்.

11. வெளியே எடுப்பது

முதலில் மாஸ்டர் ஒன்று: ப்ரோரெஸ் 422 ஹெச்க்யூ அல்லது டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் ஹெச்க்யூஎக்ஸ். யூடியூப், விழா, டிசிபி எல்லாம் இதிலிருந்துதான் பிறக்க வேண்டும். மேக்கில் க்விக்டைமில் திறந்தால் படம் வெளிறித் தெரியும். அதைப் பார்த்துப் பதறிக் கிரேடை இருட்டாக்காதீர்கள். அது காமாவைக் காட்டும் விதத்தில் வரும் வேறுபாடு. அதே ஃபைலை டிவியிலும், விண்டோஸிலும், ஒரு ஆண்ட்ராய்டு போனிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

ஒலி அளவு: யூடியூப் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சத்தத்தின் அலகு) அளவைத் தாண்டிய சத்தத்தைத் தானாகக் குறைத்துவிடும். தியேட்டர் மிக்ஸ் வேறு. ஒன்றையே இரண்டுக்கும் பயன்படுத்தினால் ஏதோ ஒரு இடத்தில் வசனம் கேட்காது.

டிசிபி என்றால் பயப்பட வேண்டாம். டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் நீங்களே செய்யலாம். 2கேயில் ஃப்ளாட் என்றால் 1998க்கு 1080, ஸ்கோப் என்றால் 2048க்கு 858. 16:9 படத்தை ஃப்ளாட்டில் வைத்தால் இரு ஓரங்களிலும் மெல்லிய கறுப்புப் பட்டை வரும், அது தப்பில்லை. உச்ச வேகம் நொடிக்கு 250 மெகாபிட், ஆக 15 நிமிடப் படத்தின் காட்சி அதிகபட்சம் ஏறக்குறைய 28 ஜிபி. என்க்ரிப்ட் செய்யாதீர்கள். செய்தால் ஒவ்வொரு திரையரங்குக்கும் கேடிஎம் சாவி அனுப்ப வேண்டிவரும், நேரம் தவறினால் படமே ஓடாது. திரையிடலுக்கு இரண்டு நாள் முன்னால் அந்தத் திரையரங்கில் டிசிபியை ஏற்றி ஐந்து நிமிடமாவது ஓட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். காலைக் காட்சிக்கு முன் போனால் பெரும்பாலும் விடுவார்கள்.

சப்டைட்டிலை எஸ்ஆர்டி ஃபைலாக, யூடிஎஃப்-8 வடிவில் சேமியுங்கள், இல்லையென்றால் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வரும். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

12. சான்றிதழ் தேவைப்படுமா

யூடியூபில் மட்டும் வெளியிட்டால் தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை. திரையரங்கில் பொதுமக்களுக்குக் காட்ட வேண்டுமென்றால் தேவை. விண்ணப்பம் இ-சினிபிரமாண் இணையதளம் வழியாகப் போகும். 2024 விதிகளின்படி யு, யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+, ஏ, எஸ் என்று வகைகள் இருக்கின்றன. விழாக்களுக்குப் பெரும்பாலும் ஏற்பாட்டாளர்களே விலக்கு வாங்குவார்கள், அதை அவர்களிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எடிட்டர் கவனிக்க வேண்டியவை இரண்டு. புகைபிடிக்கும் காட்சி இருந்தால் அது திரையில் இருக்கும் நேரமெல்லாம் கீழே எச்சரிக்கை வாசகம் ஓட வேண்டும், தொடக்கத்திலும் நடுவிலும் 30 நொடி விழிப்புணர்வுக் காட்சியும் 20 நொடி எச்சரிக்கையும் வேண்டும். படத்தின் நீளம் மாறும் என்பதால் இதை லாக்குக்கு முன்பே முடிவுசெய்யுங்கள். படத்தில் ஆடு, மாடு, நாய் நடித்திருந்தால் விலங்குகள் நல வாரியத்தின் தடையில்லாச் சான்று கேட்பார்கள். அதற்கான முன் அனுமதியை ஷூட்டிங்குக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஆட்டுக்குட்டி வரும் ஷாட்டை வெட்டும்படி ஆனால் படம் லாக்கிலிருந்து திரும்பவும் தொடங்கும்.

13. எடுத்து வைப்பது

முடிந்ததும் இவை இரண்டு டிஸ்க்கில் இருக்க வேண்டும்: ஒரிஜினல் ரஷ், ரிசால்வ் ப்ராஜெக்ட் ஃபைல், மாஸ்டர், டைட்டிலும் சப்டைட்டிலும் இல்லாத மாஸ்டர், வசனம், இசை, எஃபெக்ட்ஸ் தனித்தனியாகப் பிரித்த ஒலி, டிசிபி, எஸ்ஆர்டி, பயன்படுத்திய எழுத்துருக்கள், இசை உரிமத்தின் நகல், நடிகர்களின் சம்மதக் கடிதங்கள். வேறு மொழியில் டப் செய்ய யாராவது கேட்டாலோ, ஓடிடி தளம் கேட்டாலோ முதலில் வேண்டுவது எழுத்து இல்லாத மாஸ்டரும் பிரித்த ஒலியும்தான். சவுண்டுக்காரரிடம் அதை ஃபைனல் மிக்ஸ் நாளிலேயே கேட்டு வாங்குங்கள், ஒரு வருடம் கழித்துக் கேட்டால் அவர் டிஸ்க்கில் அது இருக்காது. இரண்டு டிஸ்க்கையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இணைத்து மாஸ்டரை முழுதாக ஓட்டிப் பாருங்கள். ஒன்று திறக்கத் தயங்கினால் அன்றே புதியது வாங்கி மாற்றிவிடுங்கள்.